பாட்டும் பண்ணும் தந்த தண்டபாணி தேசிகர்

ஆதம்பாக்கத்தில் எம் இல்லத்திற்கு அடுத்த மனையில் மாலைதோறும் சிறுவர் சிலர் இசை பயில்வர். அண்மையில் ஒருநாள் ஆங்கு அமிர்தவர்ஷிணி இராகத்தில் ‘என்னை நீ மறவாதே’ என்னும் பாட்டு ஒலித்தது. பாடிய சிறுமியின் ஏட்டை வாங்கி நோக்கினோம். இராகமும் தாளமும் எழுதப்பட்டிருந்தன. இயற்றியவர் பெயர் இல்லை. அப்பாட்டை இயற்றியவர் எம். எம். தண்டபாணி தேசிகர்.

1908இல் திருச்செங்காட்டங்குடியில் தேவாரம் ஓதும் மரபில் தோன்றிய தேசிகர் 1972இல் மறைந்தார். பட்டினத்தார் (1936), நந்தனார் (1942) முதலிய படங்களில் நடித்தமையால் நாடறிந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் விளங்கியவர். தமிழிசை இயக்க வரலாறு எழுதுவோர் அவரைப் பெரும்பாடகர் எனப் போற்றுவர். பாட்டியற்றியவர் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவர். இது முறையன்று என்பதே எம் கருத்து.

மேற்சுட்டிய தொடரையே காண்க. ‘நீ’, ‘வா’, ‘தே’ என நெடில்கள் உரிய இடங்களில் நிற்கின்றன. குரல் நின்று இழையவும் கமகம் பெறவும் அவை இடந்தருகின்றன. அமிர்தவர்ஷிணியோ ரிடபமும் தைவதமும் நீங்கிய ஐந்து சுர இராகம். ஐந்து நரம்புடையதைத் திறம் என்பர் பண்டை இசைநூலார். மழை வேண்டிப் பாடப்படுவதாகப் பலரும் அறிந்த அவ்விராகத்தைத் தம்மை மறவாதிருக்க வேண்டும் வேண்டுகோளுக்கு அவர் ஆண்டார். பாடுவோரே புனைந்த பாட்டு இஃது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பிறர் பாட்டுக்கு அவர் அமைத்த மெட்டின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பாரதிதாசனாரின் ‘துன்பம் நேர்கையில்’ என்னும் பாட்டைத் தமிழ் பயின்றார் அனைவரும் அறிவர். 1951இல் வெளிவந்த ஓர் இரவு என்னும் படத்தால் அது பரவியது. படத்திற்கு இசையமைத்தவர் ஆர். சுதர்சனம், ஆயினும் தேஷ் இராகத்தில் அமைந்த அம்மெட்டுத் தேசிகருடையது. யாழ் மீட்டித் துயர் களையுமாறு வேண்டும் பாட்டுக்கு, தேவார மரபில் வந்த ஒருவர் வடபுலத்து இராகம் ஒன்றைத் தேர்ந்தமை வியப்பன்றோ! எம் முதுகலை வகுப்பில் வினவியபோது கவிஞர் பெயரை எல்லோரும் கூறினர். மெட்டமைத்தவர் பெயரைக் கூறினார் ஒருவரும் இலர். அதுவரை யாமும் அதனைக் கற்பித்திலேம்.

பண்டைத் தமிழர் இவ்வாறு விட்டாரல்லர். பரிபாடலின் மூன்றாம் பாட்டைப் பாடியவர் கடுவன் இளவெயினனார்; அதற்கு இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். ஐந்தாம் பாட்டும் இளவெயினனாருடையதே. ஆனால் இசை கண்ணனாகனாருடையது. மெட்டுகள் மறைந்தன. வகுத்தவர் பெயர்களைப் பழங்குறிப்புகள் காத்துத் தந்துள்ளன. பாரதிதாசனார் பாட்டைப் பதிப்பிப்போர் அடிக்குறிப்பாகவேனும் தேசிகர் பெயரையும் தேஷ் இராகத்தையும் சேர்த்தல் வேண்டும். அவர்தம் சாகித்தியங்களைச் சுரக்குறிப்புடன் தொகுத்து ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாகும்; அவரிடம் நேரிற் பயின்றோர் இன்று மிகச் சிலரே இருத்தல் கூடுமாதலின், அதனை விரைந்து தொடங்குதல் நன்று.