உறைபனியும் கொதிகலனும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கொதிகலன் என்றதும் நினைவுக்கு வருவது செம்பனை ஆலை. அங்கே அஞ்சத்தக்கது வெப்பமே. நீர்மட்டம் தாழ்ந்ததா, உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவு ஏறிவிட்டதா என்பதே பாய்லர்காரரின் கவலை. குளிரால் கொதிகலன் கெடும் என்று வகுப்பில் சொன்னால் மாணவர் நகைப்பர். அது அவர்கள் குற்றமன்று. மலேசிய வானிலைப் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் அளக்கப்பட்ட 7.8 பாகை செல்சியஸ். நீர் உறைய அதற்கு மேலும் ஏறத்தாழ எட்டுப் பாகை இறங்கவேண்டும்.

ஆயினும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பிள்ளைகளைப் பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அந்நாட்டு வீடுகள் பலவற்றில் அறைகளைச் சூடாக்கும் நீரும் குளிக்கும் நீரும் ஒரு சிறு கொதிகலனிலிருந்து வருகின்றன. சில வீடுகளில் அக்கலன் சூடேற்றப்படாத புறக்கொட்டகையில் நிற்கும். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் சென்றவர் திரும்பி வரும்போது குழாய் வெடித்து வீடு நீரில் நனைந்து கிடப்பதுண்டு. இது ஏன் நிகழ்கிறது என்பது விளங்கினால், காக்கும் முறையும் விளங்கும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. காலையில் சாலையை மறைக்கும் புகைபோன்றதும் பனி. வானிலிருந்து வெண்பஞ்சுபோல் விழுவதும் பனி என்றே தமிழில் வழங்குகிறோம். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது உறைபனி. பாடநூலில் வெறும் ‘பனி’ என்றிருக்குமாயின், எந்தப் பனி என்று ஆசிரியர் விளக்குவது நலம்.

‘உறைதல்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. பால் தயிராக உறைகிறது. பால்மரத் தோட்டத்தில் அமிலம் சேர்த்தால் இரப்பர் பால் உறைகிறது. இவை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பா. நீர் உறைவதோ வெப்பம் இழப்பதால். வெப்பம் கிடைத்தால் மீண்டும் நீராகும். தேங்காய் எண்ணெய் உறைவது இதற்கு நெருங்கிய உவமை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குழாயை உடைப்பது அவ்வேறுபாடுதான். ஒரு நெகிழிக் கிண்ணத்தில் எண்ணெயும் மற்றொன்றில் நீரும் ஊற்றி உறைபெட்டியில் ஓரிரவு வைத்துப் பார்க்கலாம். எண்ணெய் நடுவில் குழிந்திருக்கும். நீர் மேலே புடைத்திருக்கும். எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது, நீர் பெருகுகிறது. பதினொரு படி நீர் உறைந்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு படிப் பனிக்கட்டியாகும்.

பனிக்கட்டி தோன்றிய இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று பலரும் எண்ணுவர். அது எப்போதும் உண்மையன்று. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. குழாயை அடைத்த பனிக்கட்டி நீளும்போது, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீர் நெருக்கப்படுகிறது. நீரோ எளிதில் சுருங்காதது. அழுத்தம் ஏறி, பனிக்கட்டி இல்லாத பகுதியிலேயே குழாய் பிளக்கக்கூடும். கடுங்குளிர் இரவில் திருகைச் சொட்டும்படி திறந்து வைக்கும் வழக்கம் இதனால் பொருளுடையதே.

அடைபட்ட குழாயால் உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமையலடுப்பின் பின்புறம் சிறு கொதிகலன் வைத்திருந்தனர். கடும் உறைபனியில் அதன் குழாய்கள் அடைபட்டிருக்கும். அதையறியாது காலையில் அடுப்பு மூட்டுவர். நீராவி வெளியேற வழியின்றிக் கலன் வெடித்து, அடுக்களையில் நின்றோர் மாண்டனர். இக்காலக் கலன்களில் அழுத்தம் தணிக்கும் வால்வு உண்டு. ஆயினும், உறைந்ததென்று ஐயுற்றால் கலனை இயக்கலாகாது.

இனி, காப்பு. குழாய்க்கும் கலனுக்கும் மெத்தென்ற உறையிட்டால் போதும் என்று நினைப்பதே பெரும் பிழை. முன்னாளில் ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்துக் கோணிச்சாக்கால் மூடி வைத்ததை முதியோர் அறிவர். கம்பளியோ மனிதனைச் சூடாக வைக்கிறது. சாக்கு ஐஸைக் குளிராக வைக்கிறது. எப்படி? இரண்டும் வெப்பத்தைப் படைப்பதில்லை. அதன் போக்கைத் தாமதப்படுத்துகின்றன. மனித உடலுக்குள் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அணைத்து வைத்த கொதிகலனில் ஏது? ஓரிரவு தாங்கும், பல நாள் குளிரில் உறைக்குள்ளிருக்கும் நீரும் உறைந்துவிடும்.

ஆதலின் உறையோடு சிறிது வெப்பமும் வேண்டும். மிகுதியாக வேண்டுவதில்லை. 0 பாகையில் நிற்கும் ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாவதற்கு 80 கலோரி வெப்பத்தை இழக்கவேண்டும். அதே வெப்பம் அந்நீரை 80 பாகைக்கு ஏற்றவல்லது. நீர் அவ்வளவு எளிதில் உறைய இசைவதில்லை. கொட்டகையின் வெப்பநிலை 5 பாகையை ஒட்டி இறங்கியதும் கலனையும் நீரோட்டப் பம்பையும் தானே இயக்கும் உறைபனித் தெர்மோஸ்டாட் இதற்கெனவே அமைந்தது. ஆனால் மின்சாரமும் எரிவாயுவும் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஊருக்குப் போகையில் சிக்கனம் கருதி மெயின் சுவிட்சை அணைப்பவர், காவற்காரனுக்கு விடுப்புக் கொடுத்தவரே. மின்சாரத்தை நம்பமுடியாத இடத்தில், அறைகளைச் சூடாக்கும் மூடிய சுற்றில் உறைதடுப்பு நீர்மம் சேர்ப்பர். குடிநீர்க் குழாயில் அது கூடாது.

இங்கிலாந்தில் 2005 முதல் பெரும்பாலும் பொருத்தப்படுபவை, புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து வெப்பம் பெறும் கலன்கள். அவற்றிலிருந்து கழிவுநீர் மெல்லிய குழாய்வழி வெளியேறும். 2010 டிசம்பர்க் கடுங்குளிரில் அக்குழாய்கள் உறைந்து எண்ணற்ற கலன்கள் நின்றுபோயின. வெளியிலுள்ள குழாய் அகலமாகவும் குறுகிய நீளத்திலும் நல்ல சரிவோடும் இருந்து, உறையும் இட்டிருந்தால் இத்தொல்லை குறையும். உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றலாம், கொதிநீர் ஆகாது.

கொட்டகையைக் கதகதப்பாக்க முனைவோர் காற்றுத் துளைகளையும் புகைப்போக்கியையும் அடைத்துவிடுவதுண்டு. எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தோன்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். சுவருக்கும் கூரைக்கும் காப்பிடலாம்; துளைகளைத் தொடலாகாது. பல வாரம் வீட்டைப் பூட்டுவதாயின், தொழில் தெரிந்தவரைக் கொண்டு தெரு இணைப்பை அடைத்து, குழாய்களிலும் கலனிலும் உள்ள நீரை முற்றும் வடித்துவிடுவதே உறுதியான வழி.