வகுப்பறைக்கு வந்த கலைஞர்

நுழையும்முன்

வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய மக்களின் குழந்தைகள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து கற்கும் இடம் பொதுப்பள்ளி. அவ்வகுப்பறையில் ஒவ்வொரு குழந்தையின் கைத்திறனுக்கும் இடம் கிடைக்கிறதா என்பது கல்வியின் அடிப்படையான வினாக்களுள் ஒன்று. இனத்தின் பெயரால் ஆசிரியப் பணி மறுக்கப்பட்ட சிற்பி ஒருவர், பின்னாளில் ஒரு மாநகரின் பொதுப்பள்ளிகளுக்குள் கலையையும் கலைஞர்களையும் அழைத்துவந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உழவர் வீட்டுச் சிறுமி

ரூத் அசாவா 1926ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள நார்வாக் என்னும் ஊரில் பிறந்தார். ஏழு குழந்தைகளுள் நான்காமவர். பெற்றோர் சப்பானிலிருந்து குடியேறிக் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த உழவர்கள். அக்காலச் சட்டப்படி சப்பானியக் குடியேறிகள் அமெரிக்கக் குடியுரிமை பெற இயலாது. கலிபோர்னியாவில் 1913ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் சொந்தமாக விளைநிலம் வாங்குவதையும் தடுத்தது. ஆகவே, தாம் உழைத்த மண்ணிலேயே உரிமையற்றவர்களாக அவர்கள் வாழ்ந்தனர்.

பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் குழந்தைகள் அனைவரும் வயல் வேலை செய்தனர். குதிரை இழுக்கும் பரம்புக் கருவியின் பின்புறம் அமர்ந்து செல்லும் சிறுமி ரூத், தொங்கும் கால்விரல்களால் மண்ணில் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளை வரைந்துகொண்டே போவார். சனிக்கிழமைகளில் சப்பானியப் பள்ளிக்குச் சென்று தூரிகையால் எழுத்துகளைத் தீட்டப் பழகினார். கோட்டின் மீதான அவருடைய பற்று இவ்வாறு வயலிலும் பள்ளியிலும் ஒருங்கே வளர்ந்தது.

குதிரைக் கொட்டிலில் ஓவிய வகுப்பு

1941ஆம் ஆண்டு திசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகத்தைச் சப்பான் தாக்கியது. அதன் விளைவுகளை அமெரிக்காவில் வாழ்ந்த சப்பானிய வம்சாவளியினரும் சுமக்க நேர்ந்தது. 1942 பிப்ரவரியில் வெளியான குடியரசுத்தலைவர் ஆணையின்படி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் விட்டு முகாம்களுக்குச் செல்லுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். ரூத்தின் தந்தை முன்னதாகவே கைது செய்யப்பட்டுக் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டார்.

தாயும் பிள்ளைகளும் முதலில் அனுப்பப்பட்ட இடம் சாண்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடல். குதிரைகள் கட்டப்பட்டிருந்த கொட்டில்களே குடும்பங்களின் உறைவிடங்களாயின. அங்கு வயல் வேலை இல்லை. பள்ளியும் முறையாக நடைபெறவில்லை. ஆயினும், அதே திடலில் அடைக்கப்பட்டிருந்தவர்களுள் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர் சிலரும் இருந்தனர். அவர்கள் பார்வையாளர் அரங்கின் படிகளில் இளைஞர்களை அமரவைத்து ஓவியம் கற்பித்தனர். பதினாறு வயது ரூத்துக்குத் தொழில்முறைக் கலைஞர்களிடம் நேரடியாகக் கற்கும் வாய்ப்பு முதன்முதலாக அங்கேதான் கிடைத்தது.

வரைவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் அருகில் அமர்ந்து வரையும்போது, பார்க்கும் குழந்தை விரைந்து கற்கிறது என்பதை அவர் அங்கு உணர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவர் பள்ளிகளில் மேற்கொண்ட பணிக்கு இவ்வனுபவமே வித்தானது.

மறுக்கப்பட்ட பணி

சாண்டா அனிட்டாவிலிருந்து ஆர்கன்சா மாநிலத்தின் ரோவர் முகாமுக்குக் குடும்பம் மாற்றப்பட்டது. அம்முகாமின் பள்ளியில் 1943ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வியை முடித்த ரூத், குவேக்கர் சமயத்தாரின் உதவித்தொகை பெற்று மில்வாக்கி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். கலை ஆசிரியராவதே அவருடைய நோக்கம்.

பட்டம் பெறுவதற்குப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சி பெறுதல் கட்டாயம். அப்பயிற்சிக்கு அவருக்கு இடம் அளிக்கப்படவில்லை. போர்க்காலப் பகையுணர்வு தணியாத சூழலில், சப்பானிய வம்சாவளிப் பெண் ஒருவரை வகுப்பறைக்குள் அனுமதிக்க எவரும் முன்வரவில்லை. மூன்றாண்டுக் கல்வி முடிந்தும் பட்டமின்றி அவர் வெளியேறினார்.

கல்லூரியும் சந்தையும்

1946ஆம் ஆண்டு வட கரோலினாவிலிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் ரூத் சேர்ந்தார். அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பயிரிட்டனர். சமையலையும் துப்புரவையும் பகிர்ந்துகொண்டனர். ஓவிய ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ், செருமனியில் நாசிகளின் நெருக்கடியால் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட்டபின் அமெரிக்காவுக்கு வந்தவர். உதிர்ந்த இலை, மடித்த தாள், துண்டுக் கம்பி ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே அவர் பாடம் நடத்தினார். ஒரு பொருளின் இயல்பை முதலில் அறிய வேண்டும். அதன்பின்னரே அதைக்கொண்டு வடிவம் படைக்க வேண்டும் என்பது அவர் முறை. வடிவத்தைப் போலவே அதைச் சூழ்ந்துள்ள வெற்றிடத்தையும் உற்றுநோக்க அவர் பயிற்றுவித்தார்.

1947ஆம் ஆண்டுக் கோடையில் ரூத் மெக்சிகோவின் தொலூகா நகருக்குச் சென்றார. அங்குள்ள சந்தைகளில் முட்டைகளை வைத்து விற்கும் கம்பிக் கூடைகள் அவரைக் கவர்ந்தன. உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரிடம் அவற்றைப் பின்னும் முறையைக் கற்றார். ஒரே கம்பியை வளைத்துக் கண்ணியாக்கி, அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணியைக் கோத்துச் செல்லும் எளிய நுட்பம் அது. அந்நுட்பத்தைக் கொண்டு, ஒரு வடிவத்துக்குள் மற்றொரு வடிவம் தெரியுமாறு ஒளி ஊடுருவும் தொங்கு சிற்பங்களை அவர் பின்னினார். அவற்றின் நிழல்களும் சிற்பத்தின் பகுதியாகவே அமைந்தன.

தொடக்கத்தில் திறனாய்வாளர் சிலர் அவற்றைச் சிற்பம் என ஏற்கத் தயங்கினர். பெண்களின் வீட்டுக் கைவேலையாகவே கருதினர். கூடை முடைபவரின் அறிவும் கல்லூரிப் பேராசிரியரின் அறிவும் ஒரே தகுதியுடையவை என்பதில் ரூத்துக்கு ஐயம் இல்லை. உழவர்களான பெற்றோர், சிறைப்பட்ட ஓவியர்கள், புலம்பெயர்ந்த ஆசிரியர், சந்தைக் கைவினைஞர் ஆகிய அனைவரிடமும் அவர் கற்றிருந்தார். பண்பாடுகளைக் கடந்த இக்கல்வியே அவர் பிறருக்கு வழங்கிய கல்வியின் இயல்பாகவும் அமைந்தது.

அல்வராடோ பள்ளிப் பட்டறை

1949ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் லேனியரை மணந்து ரூத் சான் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறினார். ஆறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே வீட்டில் சிற்பங்களைப் படைத்தார். சீனா, சப்பான், பிலிப்பைன்சு, மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் கறுப்பின மக்களும் வாழும் நகரம் அது. ஆனால், தம் குழந்தைகள் பயின்ற பொதுப்பள்ளியில் கலைக்கு உரிய இடம் இல்லாததை அவர் கண்டார்.

1968ஆம் ஆண்டு, கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சாலி உட்பிரிட்ஜ் உள்ளிட்ட பெற்றோர்களுடன் இணைந்து அல்வராடோ தொடக்கப்பள்ளியில் கலைப்பட்டறை ஒன்றை ரூத் தொடங்கினார். பணம் மிகக் குறைவு. காலியான பால் அட்டைப்பெட்டிகள், நூல்துண்டுகள், மாவு ஆகியவையே கருவிகள். பால் பெட்டிகளை மடித்து இணைத்துக் குழந்தைகள் வடிவக் கணிதத்தைக் கையால் அறிந்தனர். பள்ளிச் சுவர்களில் மொசைக் ஓவியங்கள் உருவாயின. வளாகத்தில் தோட்டம் எழுந்தது.

இப்பட்டறையின் தனிச்சிறப்பு, தொழிலாகவே கலையைக் கொண்டவர்களைப் பள்ளிக்குள் அழைத்ததாகும். ஓவியர், இசைக்கலைஞர், தோட்டக்கலைஞர் எனப் பலர் குழந்தைகளுடன் சேர்ந்து பணியாற்றினர். பெற்றோரும் உடனிருந்து கற்றனர். வளர்ச்சியின் உச்சத்தில் இத்திட்டம் நகரின் 50 பொதுப்பள்ளிகளில் நடைபெற்றது.

> தெரிந்து தெளிவோம்
> ரூத் அசாவா குழந்தைகளுக்கு அளித்த முதன்மையான பொருள், வீட்டிலேயே செய்யக்கூடிய மாவுக்களிமண். நான்கு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு உப்பு, ஒன்றரைப் பங்கு நீர் ஆகியவற்றைச் சேர்த்து நன்கு பிசைந்தால் அது கிடைக்கும். உருவங்களைச் செய்து, மிதமான வெப்பத்தில் அடுப்பிலிட்டு உலரவைத்தால் அவை கெட்டிப்படும். வேண்டிய வண்ணத்தையும் தீட்டலாம்.

பல்பண்பாட்டுக் கலைக்கல்வி

பல பண்பாடுகளைப் பள்ளியில் அறிமுகப்படுத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுத்து, ஒவ்வொரு நாட்டின் உடையையும் உணவையும் காட்சிக்கு வைப்பது அது. அவ்வழியில் குழந்தை பார்வையாளராகவே நின்றுவிடுகிறது. பிறர் பண்பாடு வேடிக்கைப் பொருளாகி, மறுநாள் மறந்துபோகிறது.

ரூத் பின்பற்றிய வழி வேறு. ஒரு மக்கள் கூட்டத்தின் நுட்பத்தைக் கையால் செய்து பழகும்போது, அந்நுட்பத்துக்குப் பின்னுள்ள பொறுமையும் அறிவும் குழந்தைக்குப் புலப்படுகின்றன. சப்பானியரின் தாள்மடிப்புக் கலையைச் செய்துபார்க்கும் குழந்தை, ஒரு மடிப்பு பிசகினால் உருவமே குலைவதை உணர்கிறது. கம்பிக் கண்ணியைக் கோக்கும் குழந்தை, கூடை முடைபவரின் விரல்களை மதிக்கத் தொடங்குகிறது. மேலும், வகுப்பறை மொழியைச் சரளமாகப் பேச இயலாத குழந்தையும் மாவைப் பிசைவதில் எவருக்கும் பின்தங்குவதில்லை. மொழித்தேர்வில் கடைசி இடத்தில் நிற்கும் மாணவர், பட்டறையில் பிறருக்குக் கற்றுத்தரும் நிலையை அடைய முடியும்.

கலை பயில்வோர் அனைவரும் கலைஞராக வேண்டும் என்பது ரூத்தின் எதிர்பார்ப்பு அன்று. எத்துறைக்குச் சென்றாலும், ஆழ்ந்து சிந்தித்துச் செம்மையாகச் செயலாற்றும் திறனைக் கலைப்பயிற்சி வளர்க்கும் என்பதே அவர் கருத்து.

மாவில் உருவான நகரம்

இக்கருத்துக்குச் சான்றாக விளங்குவது, 1973ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்துக்கு அருகில் நிறைவுற்ற நீரூற்றுச் சிற்பம். உருளை வடிவிலமைந்த அதன் வெளிப்புறம் முழுவதும் நகரின் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக நிறைந்துள்ளன. பாலங்கள், மேட்டு வீதிகள், கேபிள் கார்கள், வீடுகள், மனிதர்கள் எனப் பலவற்றை அதில் காணலாம். பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோர் மாவுக்களிமண்ணால் அவ்வுருவங்களைச் செய்தனர். ரூத் அவற்றை ஒழுங்குபடுத்தி உலோகத்தில் வார்த்தெடுக்கச் செய்தார்.

சமையலறை மாவில் சிறுவிரல்கள் செய்த உருவம், அவ்விரல்களின் பதிவு மாறாமல் பொதுவெளியில் நிலைபெற்றது. பின்னாளில் அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுப்பும் திட்டத்தால் நீரூற்றுக்கு இடையூறு நேரவிருந்தபோது, நகர மக்கள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். நீரூற்று காக்கப்பட்டது. தாமே உருவாக்கிய பொதுச்சொத்தை மக்கள் எளிதில் இழக்க விரும்புவதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நெருக்கடியும் நிலைபேறும்

பொதுப்பள்ளிகளில் கலைக்கல்வி எப்போதும் பாதுகாப்பான நிலையில் இருந்ததில்லை. 1978ஆம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் வழியாகச் சொத்துவரி குறைக்கப்பட்டது. அதனால் பள்ளிகளின் வருவாய் சுருங்கியது. நிதி குறையும்போது முதலில் கைவிடப்படுவன இசையும் ஓவியமுமாகவே இருந்தன. வசதி படைத்தோர் தம் குழந்தைகளுக்குத் தனியே கலை பயிற்றுவிக்க இயலும். ஏழைக் குழந்தைக்குப் பொதுப்பள்ளியே ஒரே வாயில். அவ்வாயில் அடைபடக் கூடாதென ரூத் தொடர்ந்து வாதாடினார்.

அம்முயற்சியின் பயனாக 1982ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கலைகளுக்கென ஒரு பொது மேல்நிலைப்பள்ளி தொடங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு அப்பள்ளிக்கு ரூத் அசாவாவின் பெயரே சூட்டப்பட்டது.

சப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்தது அநீதி என அமெரிக்க அரசு 1988ஆம் ஆண்டு சட்டத்தின் வழியாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. 1994ஆம் ஆண்டு சான் ஓசே நகரில், அம்முகாம் வாழ்க்கையைச் சித்திரிக்கும் நினைவுச்சின்னத்தை ரூத் வடித்தார். தமக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. அதையே பிறருக்கான பாடமாக்கினார்.

1998ஆம் ஆண்டு, முன்பு அவர் பட்டமின்றி வெளியேறிய மில்வாக்கிக் கல்வி நிறுவனம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முன்வந்தது. அதற்கு மாறாக, இளமையில் தாம் பயின்று முடித்தும் கிடைக்காமற்போன இளநிலைப் பட்டத்தையே வழங்குமாறு ரூத் கேட்டுப் பெற்றார். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 2013ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள், தம் 87ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கற்பித்தல் பயிற்சிக்குரிய ஒரு வகுப்பறை கிடைக்காத நிலையில் தொடங்கிய அவரது வாழ்க்கை, ஐம்பது பள்ளிகளின் வகுப்பறைகளைக் கலைக்குத் திறந்துவிட்டது. எந்த இனத்தைச் சேர்ந்த குழந்தையும், எந்த மொழியைப் பேசும் குழந்தையும் தன் கையால் ஒன்றைப் படைத்துப் பிறர்முன் வைக்கும் உரிமை உடையது என்பதை அவ்வகுப்பறைகள் நடைமுறையில் மெய்ப்பித்தன.