சொத்து வரி உயர்வுக்கு வாக்கெடுப்பு உண்டா? சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னை மாநகராட்சிப் பகுதியில் சொத்து வரி உயரும்போதெல்லாம், "எங்களைக் கேட்டுத்தான் உயர்த்தினார்களா?" என்ற கேள்வி எழுகிறது. வரி உயர்வுக்கும் தேர்தல் காலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

வரியை உயர்த்தும் முன் வாக்காளர்களின் ஒப்புதல் பெற வேண்டும் என்று சட்டம் உள்ளதா?

இல்லை. மாநகராட்சி எந்த வரியை, எந்த வரம்புக்குள் விதிக்கலாம் என்பதை மாநில சட்டப்பேரவை சட்டம் இயற்றி முடிவு செய்யலாம் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 243எக்ஸ் பிரிவு. வரிக்காகத் தனியாக மக்கள் வாக்கெடுப்பு நடத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை.

அப்படியானால் முடிவு எடுப்பது யார்?

உயர்வு விகிதத்தை மாநில அரசு வகுத்துத் தருகிறது. அதை ஏற்று மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றுகிறது. சென்னை மாமன்றத்தில் 200 வார்டு உறுப்பினர்கள் உள்ளனர். வாக்காளரின் குரல் இந்த உறுப்பினர்கள் வழியாக வரித் தீர்மானத்தை எட்டுகிறது.

2022-ல் தேர்தல் முடிந்த பிறகுதான் உயர்வு அறிவிக்கப்பட்டதா?

ஆம். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. புதிய மேயர் மார்ச் 4-ல் பொறுப்பேற்றார். உயர்வு ஏப்ரல் 1-ல் அறிவிக்கப்பட்டது. வாக்குப்பதிவுக்கும் அறிவிப்புக்கும் இடையே இருந்தது 41 நாள். விகிதம் என்ன என்று தெரியாமலேயே மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாக்களித்தவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில் நியாயம் உண்டு.

அந்த நேரத்தில் உயர்த்த என்ன காரணம்?

15-வது நிதிக் குழு விதித்த நிபந்தனை காரணமாகக் கூறப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற, 2021-22-க்குள் சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். அதன்பின் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூல் கூட வேண்டும் என்பது அந்த நிபந்தனை. சென்னையில் 1998-க்குப் பின் பொதுச் சீராய்வு நிலைபெறாமல் இருந்ததும் ஒரு காரணம்.

யாருக்கு எவ்வளவு உயர்ந்தது?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆகியவை பழைய மாநகராட்சிப் பகுதியில் உள்ளன. இங்கு 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம் உயர்ந்தது. 2011-ல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதிகளில் இதே வரிசையில் 25, 50, 75, 100 சதவீதம். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிய 1,000 சதுர அடி மயிலாப்பூர் குடியிருப்புக்கு 3,500 ரூபாய் ஆனது; 10,000 ரூபாய் கட்டிய தி.நகர் கடைக்கு, வணிகக் கட்டடங்களுக்கான 150 சதவீத உயர்வின்படி 25,000 ரூபாய்.

அறிவித்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டதும் உண்டா?

உண்டு. 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரையும், வீடு அல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரையும் உயர்த்த உத்தரவானது. 2016 அக்டோபருக்குப் பின் தேர்தல் நடக்காததால் அப்போது மாமன்றமே இருக்கவில்லை. தனி அலுவலர் நிர்வாகம்தான் இருந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்த அரையாண்டுகளில் கழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

வேறு நாடுகளில் வரிக்கு வாக்கெடுப்பு நடக்கிறதா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடக்கிறது. 1996-ல் ஏற்கப்பட்ட 218-வது முன்மொழிவின்படி, நகரத்தின் பொது வரியை வாக்காளர் பெரும்பான்மை ஏற்க வேண்டும். குறிப்பிட்ட செலவுக்கான சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. பொது வரிக்கான வாக்கெடுப்பை நகர மன்றத் தேர்தலுடன் சேர்த்தே நடத்த வேண்டும். அவசர நிலை என்று மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தால் மட்டும் விலக்கு. இதனால் எந்தத் தேர்தலில் வரியை முன்வைப்பது என்பதை அங்குள்ள நகரங்கள் முன்கூட்டியே திட்டமிடுகின்றன.

ஆண்டுதோறும் 6 சதவீதம் என்பது என்ன?

ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தி மதிப்பின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு உயர்த்தலாம் என்பது விதி. சென்னையில் 6 சதவீத உயர்வு 2024 செப்டம்பரில் மாமன்றத்தில் நிறைவேறி, 2024-25 இரண்டாம் அரையாண்டு முதல் அமலானது. முன்பு சொன்ன 3,500 ரூபாய் இதனால் 3,710 ரூபாய் ஆகும்.

அடையாற்றில் வசிப்பவருக்கு தி.நகரில் கடை இருந்தால் எங்கே வாக்கு?

அடையாற்றில் மட்டும். வாக்காளர் பட்டியல் வசிப்பிடத்தை வைத்துத் தயாராகிறது, சொத்தை வைத்து அல்ல.

எந்தத் தேதிக்குள் வரி கட்ட வேண்டும்?

ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. ரசீதில் உள்ள மண்டல எண், கோட்ட எண், பில் எண், துணை எண் ஆகியவற்றைக் கொண்டு நிலுவையை அறியலாம்.

வரித் திட்டத்தைத் தேர்தலுக்கு முன்பே வெளியிடத் தடை உண்டா?

எந்தக் கட்சியும் தன் வரித் திட்டத்தைத் தேர்தல் அறிக்கையிலேயே சொல்லலாம். அதற்குத் தடை இல்லை. சென்னையில் அடுத்த தேர்தல் எப்போது என்றால், 2022 மார்ச்சில் தொடங்கிய மாமன்றத்தின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கம் வரை. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243யு பிரிவு.