விமானத்திலிருந்து இறங்கி, ரயிலில் ஏறி...

ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்துக்கு, விமான நிலையங்களுக்குத் தருகிற மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: கியூ.கே.எல். லுஃப்தான்சா விமான நிறுவனத்தில் கொலோனுக்கு டிக்கெட் எடுத்தால், ஃபிராங்ஃபர்ட் வரை விமானம்; அங்கிருந்து ஐ.சி.இ. அதிவேக ரயில். அந்த ரயிலுக்கும் விமான எண்தான்.

ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டி 1999-இல் நெடுந்தூர ரயில் நிலையம் வந்தது. 2002-இல் கொலோனுக்குப் புதிய பாதை திறந்தார்கள். ரைன் நதியோடு வளைந்து வளைந்து போன பழைய பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புதியது மலைமேல் ஏறி இறங்கிக் குறுக்கே போகிறது. 1,000 மீட்டருக்கு 40 மீட்டர் ஏற்றம். முன்னால் ஒற்றை எஞ்சின் இழுத்தால் சமாளிக்க முடியாது; அதனால் ஐ.சி.இ. 3 ரயிலில் மோட்டார்களைப் பெட்டிகளுக்கு அடியில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. 2007-இல் இந்தத் தடத்தில் விமானத்தையே லுஃப்தான்சா நிறுத்திவிட்டது.

இந்த ரயிலை '300 கி.மீ. வேகம்' என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. கிலோமீட்டர் என்பது தூரம். 'மணிக்கு' சேர்ந்தால்தான் அது வேகம். விமானிகள் பேசும் நாட் கணக்கில் மட்டும் இந்த 'மணிக்கு' வேண்டாம்: மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ., என்பதே ஒரு நாட். 'மணிக்கு 450 நாட்' என்பதும் பிழைதான். 450 நாட் என்றாலே மணிக்குச் சுமார் 833 கி.மீ.

அலகு சரியாக இருந்தால் அடுத்த கேள்வி தானாக எழும்: அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது? கொலோன்-ஃபிராங்ஃபர்ட் தூரம் சுமார் 180 கி.மீ.; ஒரு மணி நேரப் பயணம். சராசரி மணிக்கு 180 கி.மீ.தான். ஷாங்காயின் காந்த ரயில் மணிக்கு 431 கி.மீ.-ஐத் தொட்ட காலத்திலும், அந்த உச்ச வேகம் சுமார் ஒரு நிமிடமே நீடித்தது. மொத்தப் பாதையே 30 கி.மீ. அதுவும் நகர மையத்துக்குப் போகாது. பெட்டியோடு இறங்கி மெட்ரோவுக்கு மாற வேண்டும். எனக்குக் கொலோன் ரயிலே மேலானதாகப் படுகிறது. ஒரே டிக்கெட் என்பதால், ரயில் தாமதமாகி விமானம் தவறினால் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு.

பிரான்ஸ் பயண நேரத்தையே சட்டமாக்கியது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023-இல் வந்த ஆணையால், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ விமானங்களுக்குத் தடை வந்தது. பாரிஸின் இன்னொரு விமான நிலையமான சார்ல் து கோலுக்குள்ளேயே 1994 முதல் டி.ஜி.வி. அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது, லியோனுக்கு நேரடி ரயிலும் உண்டு. ஆனால், காலை விமானத்தைப் பிடிக்கவும் இரவில் வந்திறங்குவோர் ஊர் திரும்பவும் ரயில் நேரங்கள் ஒத்துவரவில்லை. அதனால் அங்கிருந்து லியோனுக்கு விமானம் பறக்கத் தடை விதிக்கப்படவில்லை.