பழைய விளையாட்டுப் பொறிகளுக்குப் புத்துயிர்

ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குச் சென்று வருபவர்களுக்கு அங்குள்ள கடிகாரத் தொழிற்சாலையைத் தெரிந்திருக்கும். 1980களில் தொடங்கப்பட்ட டைட்டன் ஆலை அது. அங்கு செய்த குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இத்தகைய கடிகாரத்தினுள் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? 32,768-ஐ இரண்டால் பதினைந்து முறை தொடர்ந்து வகுத்துப் பாருங்கள். மிஞ்சுவது 1. விநாடிக்கு ஒன்றாக எஞ்சும் அந்தத் துடிப்பே முள்ளை நகர்த்துகிறது.

படிகத்தின் துடிப்பைக் கொண்டு காலத்தை அளப்பது. இரண்டின் அடுக்குகளில் கணக்கிடுவது. இந்த இரண்டையும் நம்பி இயங்கிய இன்னொரு பொறியைப் பற்றியதே இக்கட்டுரை. காசு போட்டு, எதிரே நின்று ஆடும் ‘ஆர்கேட்’ விளையாட்டுப் பெட்டிதான் அது. 1970களின் இறுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இது பெருவாரியாகப் பரவியது. அப்பெட்டிகளில் பிறந்த விளையாட்டுகளில் சில, 1990களில் தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘டி.வி. கேம்’ கேசட்டுகளாக நம் ஊர்களுக்கும் வந்தன. அன்று அவற்றை ஆடிய சிறுவர்கள் இன்று பெரியவர்களாகி, அதே விளையாட்டுகளைக் கைப்பேசியில் தேடி ஆடுகிறார்கள். வேறொரு பொறிக்காக எழுதப்பட்ட விளையாட்டு இன்றைய கைப்பேசியில் எப்படி ஓடுகிறது? பார்ப்போம்.

குறைபாடு தந்த விறுவிறுப்பு

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் டொமோஹிரோ நிஷிகாடோ. வானிலிருந்து 55 அயலுலகப் படையினர் வரிசையாக இறங்கி வருவார்கள். ஆடுபவர் கீழிருந்து அவர்களைச் சுட வேண்டும். திரையில் 256-க்கு 224 என்ற கணக்கில் 57,344 புள்ளிகள். ஒரு புள்ளி ஒளிர்கிறதா, இல்லையா என்பது மட்டுமே நினைவில் வைக்கப்பட்டதால், முழுப் படத்துக்கும் 7,168 பைட்டுகள் போதுமாயின. வண்ணம்? கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ணத் தாள் பட்டைகளை ஒட்டினார்கள்! விளையாட்டின் நிரல் முழுவதும் 8,192 பைட்டுகளில் அடங்கியது. நீங்கள் படிக்கும் இக்கட்டுரையைக் கணிப்பொறியில் சேமித்தால் அதைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும்.

அதில் இருந்த இன்டெல் 8080 நுண்செயலியால் 55 உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த இயலவில்லை. திரை விநாடிக்கு 60 முறை வரையப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் உருவம் மட்டுமே நகர்ந்தது. இதன் விளைவு என்ன? நீங்களே செய்து பாருங்கள்.

55 புளியங்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். சீராக எண்ணிக்கொண்டே, ஓர் எண்ணுக்கு ஒரு கொட்டை வீதம் ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். படை முழுவதும் ஓரடி முன்னேற 55 எண்ண வேண்டும். இப்போது 50 கொட்டைகளை எடுத்துவிடுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் படை ஓரடி நகர்ந்துவிடும். ஒன்றே ஒன்று மிஞ்சினால், ஒவ்வோர் எண்ணுக்கும் அது பாயும்.

எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்களின் வேகம் கூடியது இதனால்தான். நிஷிகாடோ இதைக் கவனித்தும் திருத்தவில்லை. ஆட்டத்துக்கு அது விறுவிறுப்பூட்டுவதைக் கண்டு அப்படியே விட்டுவிட்டார். நுண்செயலியின் தாமதமே விளையாட்டின் உயிராயிற்று.

256-ஆம் கட்டத்தில் வந்த வினை

அடுத்து 1980-இல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி உருவாக்கிய ‘பாக்-மேன்’. நான்கு பேய்களிடம் சிக்காமல் 244 புள்ளிகளைத் தின்று தீர்த்தால் அடுத்த கட்டம். இந்த ஆட்டத்துக்கு முடிவே வைக்கப்படவில்லை. ஆனால் முடிவு தானாக வந்து சேர்ந்தது.

எட்டு விளக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எரியலாம் அல்லது அணைந்திருக்கலாம். அவற்றால் 0 முதல் 255 வரை 256 எண்களைக் குறிக்க முடியும். எட்டும் எரியும்போது இன்னும் ஒன்றைக் கூட்டினால்? பழைய பேருந்தின் தூரமானி 99999-க்குப் பின் 00000 காட்டுவதுபோல, எல்லா விளக்குகளும் அணைந்து 0 வந்துவிடும்.

பாக்-மேன் பொறி, முதல் கட்டத்தை 0 எனக் கொண்டு எட்டு விளக்குகளில் எண்ணியது. ஆகவே 256-ஆம் கட்டத்தில் அந்த எண் 255. திரையின் அடியில் பழப் படங்களை வரையும் பகுதி அதனோடு ஒன்றைக் கூட்ட, விடை 0 ஆயிற்று. வழக்கமாக ஏழு பழங்களுக்கு மேல் வரையாத அப்பகுதி, குழம்பிப்போய் 256 முறை வரையத் தொடங்கியது. திரையின் வலப் பாதி எழுத்துகளும் கிறுக்கல்களுமாய் மாறியது. தின்ன வேண்டிய புள்ளிகள் பல அழிந்ததால், அக்கட்டத்தை யாராலும் முடிக்க இயலாது. ஒரு புள்ளியும் தவறவிடாமல் அதுவரை ஆடினால் கிடைக்கும் உச்ச மதிப்பெண் 33,33,360.

பொறிக்குள் ஒரு பொறி

1997-இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா ‘மேம்’ என்னும் நிரலை வெளியிட்டார். இது எமுலேட்டர் வகையைச் சேர்ந்தது. பழைய பொறியைப் போலவே நடந்துகொள்ளும்படி புதிய கணிப்பொறியைப் பழக்கும் நிரல் என்று இதைச் சொல்லலாம்.

பாக்-மேன் பொறியில் இருந்தது இசட்-80 என்னும் நுண்செயலி. அதற்கு ஒவ்வோர் ஆணையும் ஓர் எண். 60 என்ற எண் வந்தால், ‘ஏ’ என்னும் பதிவேட்டில் உள்ளதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று பொருள். அதைச் செய்ய நான்கு துடிப்புகள் ஆகும். எமுலேட்டர் அந்த எண்ணைப் படித்து, தன் நினைவகத்தில் ‘ஏ’ என்று ஒதுக்கிய இடத்தில் ஒன்றைக் கூட்டி, நான்கு துடிப்புகள் கழிந்தன என்று குறித்துக்கொள்கிறது. உண்மைப் பொறியின் படிகத்திலிருந்து நுண்செயலிக்கு விநாடிக்கு 30,72,000 துடிப்புகள் சென்றன. அதாவது திரையை ஒருமுறை வரைவதற்குள் ஏறத்தாழ 50,000. அத்தனையையும் செய்து முடித்ததும் புதிய கணிப்பொறி காத்திருக்க வேண்டும். காத்திராமல் தன் வேகத்தில் ஓடினால், நீங்கள் விரலை அசைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இங்கே நுட்பமான இடம் ஒன்று உண்டு. இன்றைய கணிப்பொறிக்கு 255-உடன் ஒன்றைக் கூட்டினால் 256 என்று எளிதாகச் சொல்லத் தெரியும். எமுலேட்டர் எழுதுபவர் அதை அப்படியே விட்டால் 256-ஆம் கட்டம் ஒழுங்காக வந்துவிடும். கணக்கு சரிதான், ஆனால் அது பாக்-மேன் அல்ல! பழைய பொறி எங்கே தடுமாறியதோ, புதியதும் அங்கேயே தடுமாற வேண்டும். பொறியின் வரம்பும் பிழையும் விளையாட்டின் பகுதிகளே.

எமுலேட்டர் நிரலாகச் செய்வதை மின்சுற்றாகவே செய்வதும் உண்டு. எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லின் உள் இணைப்புகளை வேண்டியபடி மாற்றியமைத்து, பழைய பொறியின் சுற்றையே அதில் உருவாக்குகிறார்கள்.

மின்கலம் தீர்ந்தால் மரணம்

இவ்வளவு பாடு எதற்கு, பழைய பொறியையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நிலைத்திராது. பல பொறிகளில் நிரல், ஈப்ராம் என்னும் சில்லுகளில் மின்னேற்றங்களாக எழுதப்பட்டுள்ளது. பல்லாண்டுகளில் அம்மின்னேற்றம் மெல்லக் கசியும். சில்லின் கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் விழுந்து வெயில் பட்டால், புறஊதா ஒளி எழுத்தை அழிக்கத் தொடங்கும். அப்பொறிகளின் படக்குழாய்களைச் செய்யும் ஆலைகளும் ஏறத்தாழ மறைந்துவிட்டன.

காப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சி.பி.எஸ்-2 பலகையின் நிலை இன்னும் இக்கட்டானது. திருட்டு நகலைத் தடுக்க அதன் நிரலைச் சங்கேத எழுத்தாக்கினார்கள். அதைப் படிக்க உதவும் திறவுகோல், ஒரு சிறு மின்கலத்தின் ஆற்றலால் மட்டுமே நினைவில் நின்றது. மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் மறையும். நிரல் சில்லில் இருந்தும், அதைப் படிக்க முடியாமல் பொறி மடிந்துவிடும். சல்மோரியா உள்ளிட்ட ஆர்வலர்கள் 2007-இல் அந்தச் சங்கேத முறையைக் கண்டறிந்தார்கள்.

எமுலேட்டர் வேறு, விளையாட்டு வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை ஓர் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. ஆகவே விளையாட்டின் நகலுக்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். உரிமையாளர்களே இப்போது பழையவற்றை மீண்டும் விற்பதும் உண்டு. நிண்டெண்டோ 2016-இல் வெளியிட்ட சிறு பெட்டியில் 30 பழைய விளையாட்டுகள் இருந்தன. பாக்-மேனும் அவற்றுள் ஒன்று. அதனுள்ளே ஓடியதும் ஓர் எமுலேட்டரே.

நூலை அச்சிட்டால் கண்ணுள்ளவர் எவரும் படிக்கலாம். நிரலைப் படிக்கவோ அதற்குரிய பொறி வேண்டும். பொறி மறைந்தால் நிரலும் ஊமையாகிவிடும். அடுத்த முறை கைப்பேசியில் அந்த மஞ்சள் வட்டம் வாயைத் திறந்து மூடும்போது, அதன் அடியில் ஒரு பழைய பொறியின் துடிப்புகளை யாரோ ஒருவர் ஒன்று தவறாமல் எண்ணி வைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.