மத்தியானம் ரெண்டரை மணிக்கு வரும் தூக்கம்



பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நம்ம தையல் யூனிட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டின துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அப்படி ஒரு நாள், மத்தியானம் ரெண்டே முக்கால் இருக்கும், பவர் மெஷினில் உட்கார்ந்திருந்த நம் உறுப்பினர் ஒருவரின் ஆட்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்துபோனது. ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்து, டி.டி. ஊசி போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். 18 நாள் அவரால் மெஷின் பக்கம் போக முடியவில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு 18 நாள் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்த மாசத் தவணைக்குக் குழுவில் உள்கடன் கொடுத்துத்தான் சமாளித்தோம்.

அன்றைக்கு அங்கே முதலில் கிளம்பிய பேச்சு என்ன தெரியுமா? "ராத்திரி பூரா சீரியல் பாத்திருப்பா, அதான் மெஷின்ல தூங்கி விழறா." சொன்னது வேற யாரும் இல்லை, நாங்கள்தான். நிர்வாகிகளும் சேர்த்தி.

அடுத்த வாரம் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு நாள் கணக்கைக் கேட்டோம். விடிகாலை நாலரைக்குக் குழாயில் தண்ணி வரும். பிடித்து வைத்து, வாசல் தெளித்து, மாட்டைப் பார்த்து, ரெண்டு வேளைக்கும் சேர்த்துச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு 9 மணிக்கு யூனிட்டுக்கு வருகிறார். சாயங்காலம் 6 மணிக்கு வீடு. மறுபடியும் அடுப்பு, பாத்திரம், மாமியாருக்கு மருந்து. புதன்கிழமை என்றால் எட்டரைக்குக் குழுக் கூட்டம், முடிய 10 மணி ஆகும். படுக்க 11. சீரியலுக்கு நேரம் எங்கே இருக்கு? கூட்டிப் பார்த்தால் தூக்கம் அஞ்சரை மணி நேரம்தான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்படியானால் தினமும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. கடன் பாக்கி மாதிரியே இதுவும் நிலுவையில் ஏறிக்கொண்டே போகும். திங்கள் முதல் சனி வரை பார்த்தால் 9 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடத் தூங்கினால் ஒரு பகுதி அடையும், முழுசாக அடையாது. நம்ம லெட்ஜரில் நிலுவை வந்தால் உடனே வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். இந்த நிலுவையை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு!

சரி, தூக்கம் ஏன் மத்தியானம் பார்த்து வருகிறது? சோறு தின்ன மயக்கம் என்போம். அதில் பாதிதான் உண்மை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ராத்திரி 2 மணியிலிருந்து விடிகிற வரைக்கும், மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள்ளும் சுறுசுறுப்பு தானாகவே இறங்கும். சாப்பிடாமல் இருந்தாலும் இறங்கும். அதன் மேல் ரெண்டு தட்டு வெறும் சோறும் ரசமும் சேர்ந்தால் இன்னும் அமுக்கும். ராத்திரி ஷிப்ட் மில்லுக்குப் போகிற நம் பெண்களுக்கு விடிகாலை நேரம்தான் ஆபத்து.

அந்த நேரத்தில் கண் மூடினால்தான் தூக்கம் என்று நினைக்காதீங்க. தூக்க பாக்கி அதிகமாக இருந்தால், கண் திறந்திருக்கும்போதே மூளை ரெண்டு மூணு விநாடி தூங்கிவிடும். தூங்கினவருக்கே தெரியாது. பெரிய தையல் மெஷின் நிமிஷத்துக்கு 4000 தையலுக்கு மேல் போகக் கூடியது. ரெண்டு விநாடி என்றால் நூறு தையலுக்கு மேல் ஆச்சு. மாவு மில்லில் பெல்ட் பக்கத்தில் நிற்பவருக்கும், டூவீலரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவருக்கும் இதே ரெண்டு விநாடிதான்.

டீ குடித்தால் போகாதா? கொஞ்ச நேரம் போகும். குடித்து அரை மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆனால் அது பாக்கியை அடைப்பதில்லை, பாக்கிச் சீட்டை மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீயின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் நிற்கும். படுத்தும் தூக்கம் பிடிக்காது. அதனால் கடைசி டீ 3 மணியோடு போதும்.

யூனிட்டில் நாங்கள் ஒரு காரியம் செய்து பார்த்தோம். சாப்பிட்ட பிறகு எல்லோரும் பாயை விரித்து 20 நிமிஷம் படுப்பது, செல்போனில் அலாரம் வைப்பது. அரை மணிக்கு மேல் போகவிடக் கூடாது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் எழுந்தால் தலை கனத்து, முன்னைவிட மோசமாக இருக்கும். சொல்வது சுலபம், செய்வதற்குள் பெரிய பஞ்சாயத்து ஆயிடுச்சு. "20 நிமிஷத்துல நான் ரெண்டு பாவாடை இடுப்புப்பட்டி முடிச்சிருவேன்"னு ஒரு அக்கா படுக்கவே மாட்டேன் என்றார். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "குழுவுல சம்பளம் கொடுத்து தூங்க வைக்கிறாங்களா"ன்னு கேலி பண்ணினார்கள். ஜன்னலுக்கு ஒரு பழைய புடவையைக் கட்டினோம். ஒரு மாசம் கழித்து, பிரித்துத் தைக்க வேண்டி வந்த உருப்படிகள் குறைந்திருந்தன. முன்பெல்லாம் அப்படித் திரும்பி வந்தவை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் தைத்தவைதான். அந்த அக்கா இப்போதும் படுப்பதில்லை. எழுந்து வாசல் வரை நாலு நடை நடந்து, முகம் கழுவிக்கொண்டு வருகிறார். அதுவும் நல்லதுதான்.

இன்னொரு விஷயம், ஆம்பிளைங்க முன்னாடி யாரும் பேசாதது. வேலைக்குப் போகிற இடத்தில் கக்கூஸ் இல்லை, இருந்தாலும் உள்ளே போக முடியாது என்பதால் நம்மில் எத்தனை பேர் காலையிலிருந்து தண்ணியே குடிப்பதில்லை! வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தண்ணி குடிக்காமல் இருந்தால் தலைவலி, அசதி, கண் சொக்குவது எல்லாம் வரும். நீர்க்கடுப்பும் வரும். நம் யூனிட்டிலேயே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறோம். கூட்டமைப்புக்கு அது வெட்கம்தான். இப்போது தாழ்ப்பாளும் வாளியும் இருக்கின்றன. மற்ற யூனிட் பொறுப்பாளர்களும் போய்ப் பார்த்துச் சரி செய்யணும்.

7 மணி நேரம் தூங்கியும் பகலில் அசந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்தால் அஞ்சு பேர்! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11. மாதவிடாயில் போக்கு அதிகமாக இருந்து, "எல்லாருக்கும் இப்படித்தான்"னு விட்டுவிடுகிறவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும். தைராய்டு, சர்க்கரை, ராத்திரி மூச்சுத் திணறுகிற மாதிரி பலமான குறட்டை, இவையும் பகல் தூக்கத்துக்குக் காரணம். கடையில் வாங்கிப் போடுகிற சளி மாத்திரையில் சிலது தூக்கம் வர வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காராதீங்க.

முருங்கைக்கீரை, கம்பு, எள், முடிந்தால் ஈரல் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது விடணும். ஆனால் ரத்தசோகை வந்த பிறகு கீரையை மட்டும் நம்ப முடியாது, மாத்திரை வேணும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயம் இல்லை. வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம்.

கடைசியாக எங்கள் பங்கு. ராத்திரி எட்டரைக்குக் கூட்டம் போட்டது கூட்டமைப்பு. தூங்கி வழிந்துகொண்டே எழுதிய தீர்மான நோட்டில் ஒரு உறுப்பினரின் தவணை இன்னொருவர் பேரில் ஏறி, ரெண்டு குடும்பம் பேசாமல் இருந்ததும் நடந்திருக்கிறது. அதனால் ஞாயிறு மாலை 4 மணிக்கு மாற்றச் சொல்லிச் செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். சில குழுக்கள், "ஞாயித்துக்கிழமைதான் வீட்டுக்காரர் இருக்கார், எப்படி வர்றது"ன்னு இன்னும் ராத்திரியிலேயே நடத்துகிறார்கள். 88 நிமிஷத்தை அவர்கள் வீட்டில் படித்துக் காட்டவும்.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து எல்லோருக்கும் ரத்தம் பார்க்கிறார். போன தடவை "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்"னு வராமல் போனவர்கள் இந்தத் தடவை முதலில் வரணும். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் மஞ்சப்பையிலேயே வைத்திருப்பவர்கள் அந்த அட்டையையும் கையோடு எடுத்துட்டு வாங்க. எத்தனை மீதி இருக்குன்னு நாங்களும் எண்ணிப் பார்க்கணும்.