உங்களுக்குத் தெரியுமா? பாரசீகக் கவிதையின் மாமலை

செடெனாக் வாசகர் நன்கறிந்த குனோங் லேடாங், ஜோகூரின் 1,276 மீட்டர் உயரச் சிகரமாக நின்று, மலாய் மரபில் ஓர் இளவரசியின் வாசஸ்தலமாகப் போற்றப்படுவதுபோலவே, 5,600 மீட்டருக்கும் மேலோங்கிய ஈரானின் தமாவந்த் எரிமலையும் பாரசீகக் கவிதையில் அழியாத ஸ்தானம் பெற்றுள்ளது.

1010-ஆம் ஆண்டில் பாரசீகக் கவிஞர் பிர்தௌசி நிறைவு செய்த 'ஷாநாமா' காவியத்தில், தோள்களில் சர்ப்பங்கள் முளைத்த கொடுங்கோலன் ஸஹ்ஹாக்கை வீரன் பரீதூன் பிணைத்துச் சிறைவைத்த இடம் அம்மலையே. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1922-இல், கவியரசர் பஹார் அதே மலையை விளித்து, மௌனம் கலைந்து அநீதியின்மீது அக்கினி பொழியுமாறு வேண்டிப் பாடினார்.

கொடுமையைச் சிறையிட்ட மலையே கொடுமையை எதிர்க்கும் மக்களின் குரலாகவும் ஆயிற்று. குறிஞ்சி நிலத்தைக் காதலுக்கு உரியதாக்கிய தமிழர், இவ்விரு படைப்புகளையும் அவசியம் கற்றறிய வேண்டும்.